ரவுட்டரில் திறந்து கிடந்த ஒரு போர்ட்டும் பதினொரு வீடுகளும்

பழைய ரவுட்டரை மாற்றும் வேலைக்காக அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தபோதுதான் அந்த ஒற்றை வரி கண்ணில் பட்டது. வெளியிலிருந்து 33890 என்ற போர்ட்டுக்கு, அதாவது வலையமைப்புக்குள் நுழையும் எண்ணிட்ட கதவுக்கு, எது வந்தாலும் அதை உள்ளே 192.168.1.10 என்ற முகவரியின் 3389-க்கு அனுப்பு என்று அது சொல்லியது. 3389 என்பது, தூரத்திலிருந்தே ஒரு கணினியின் திரையைப் பார்த்து இயக்க உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட், 192.168.1.10 எங்கள் கணக்குப் பிரிவின் சர்வர். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, கணக்கு வேலை நிற்கக் கூடாது என்பதற்காக அப்போதிருந்தவர் ஒரே இரவில் செய்த ஏற்பாடு அது. பாதுகாப்புக்கென்று அவர் செய்தது 3389-க்குப் பின்னால் ஒரு சுழியம் சேர்த்ததுதான். ஊரடங்கு முடிந்தது, அவர் வேறு வேலைக்குப் போனார், அந்த வரி மட்டும் நான்கரை ஆண்டுகளாக அங்கேயே இருந்தது.

நான் வேலை பார்ப்பது கோயம்புத்தூரில் பம்புகளுக்கான உதிரிபாகங்களை வார்த்துக் கடைந்து கொடுக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில். கணினி, ரவுட்டர், பிரிண்டர், கேமரா, வருகைப்பதிவு இயந்திரம் என்று மின்சாரத்தில் ஓடி ஐ.பி. முகவரி வைத்திருக்கும் எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான் பொறுப்பு. அலுவலகப் பணியாளர்கள் நாற்பத்தாறு பேரில் பதினொரு பேருக்கு வீட்டிலிருந்து உள்ளே வரும் தேவை உண்டு. அவர்களுக்கு முறையான வழி அமைத்துக் கொடுத்த மூன்று வாரங்களின் பதிவு இது.

முதலில் சர்வரின் பதிவேடுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். தோல்வியடைந்த ஒவ்வொரு நுழைவு முயற்சியையும் விண்டோஸ் 4625 என்ற எண்ணில் பதிந்து வைக்கிறது. வடிகட்டிப் பார்த்தபோது ஒரே இரவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் இருந்தன. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், யூசர், பேக்கப் என்று பெயர்களை மாற்றி மாற்றி முயன்றிருக்கிறார்கள். போர்ட் எண்ணை மாற்றியதால் எந்தப் பயனும் இல்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. இணையத்தைத் துழாவும் நிரல்களுக்கு அறுபத்தையாயிரத்துச் சொச்சம் கதவுகளையும் தட்டிப் பார்ப்பது பெரிய வேலையே அல்ல.

யாராவது உள்ளே வந்துவிட்டார்களா என்பதுதான் உண்மையான கேள்வி. வெற்றிபெற்ற நுழைவுகளுக்கு எண் 4624. அவற்றில் நுழைவு வகை 10 என்று இருப்பவை ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்தவை. அவற்றைத் தனியே எடுத்து, நேரத்தையும் முகவரியையும் எழுதிக்கொண்டு, சம்பந்தப்பட்ட மூவரிடமும் சென்று ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். எல்லாம் பொருந்தின. ஆனால் விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேடு இயல்பாக 20 மெகாபைட்தான் வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் பழையதன் மேல் எழுதத் தொடங்கும். இரவுக்கு ஆறாயிரம் தோல்விகள் விழும் இடத்தில் அந்த 20 மெகாபைட் நான்கு நாளைக்குக்கூடத் தாங்கவில்லை. அதாவது, திருடன் வந்தானா என்று பார்க்கப் போன இடத்தில், தட்டியவர்களின் கூட்டமே பழைய தடயங்களை மிதித்து அழித்திருந்தது. போதாக்குறைக்கு அந்தச் சர்வரில் ஓடியது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 அக்டோபர் 10 அன்றே நின்றுவிட்டன.

எனவே இரண்டு முடிவுகளை அன்று மாலையே எடுத்தேன். ரவுட்டரில் அந்த வரியை உடனே நீக்குவது; பழைய சர்வரை நம்பாமல் புதிதாக ஒன்றை அடியிலிருந்து நிறுவி, தரவை மட்டும் மாற்றி, எல்லாருடைய கடவுச்சொல்லையும் புதிதாக்குவது. இரண்டாவதற்கு முதலாளியிடம் பணம் கேட்க வேண்டியிருந்தது. முதலாவதற்குக் கணக்காளரிடம் திட்டு வாங்க வேண்டியிருந்தது. "இருபதாந் தேதிக்குள்ள 3பி போடணுங்க தம்பி, இப்பப் போயி கதவைச் சாத்தறீங்களே" என்றார். ஜி.எஸ்.டி. மாதாந்தரக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாள்தான் அவர் சொன்ன இருபது. ஓய்வு வயதைத் தாண்டியும் நிறுவனம் விடாமல் வைத்திருக்கும் மனிதர் அவர். இருபதாம் தேதிக்கு முந்தைய இரவுகளில் வீட்டிலிருந்துதான் வேலை செய்வார். அக்டோபர் 20-க்குள் புதிய வழி தயாராக இருக்கும் என்று வாக்குக் கொடுத்தேன்.

எதைக் கொண்டு அமைப்பது என்பதில் அதிக நேரம் செலவாகவில்லை. ரவுட்டரிலேயே பி.பி.டி.பி. என்ற பழைய வகை வி.பி.என். (இணையத்தின் ஊடே வெளியார் படிக்க முடியாத சுரங்கம் அமைக்கும் முறை) வசதி இருந்தது, அது கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறை 2012-லேயே உடைக்கப்பட்டுவிட்டதால் அதைத் தொடவில்லை. ஓப்பன்விபிஎன் என்ற மென்பொருள் நான் முன்பு பயன்படுத்தியது. நம்பகமானது, கடவுச்சொல்லோடு ஒருமுறை எண்ணையும் (ஓ.டி.பி.) கேட்க வைக்கலாம், ஆனால் சான்றிதழ்களைப் பராமரிக்கும் வேலை பெரிது. வயர்கார்டு என்ற புதிய வகை வி.பி.என். 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் 5.6 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது; அதன் மூல நிரல் ஏறத்தாழ நான்காயிரம் வரிகள்தான். என்னை ஈர்த்தது இன்னொரு குணம். தனக்குத் தெரிந்த சாவியால் முத்திரையிடப்படாத எந்தத் தரவுத் துண்டுக்கும், அதாவது பாக்கெட்டுக்கும், அது பதிலே சொல்லாது. "யார்?" என்றும் கேட்காது, "போ" என்றும் சொல்லாது. இரவுக்கு ஆறாயிரம் பேர் தட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு, கதவு இருப்பதே வெளியே தெரியாது என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. இதே குணம் பின்னால் என்னை இரண்டு நாள் அலைக்கழிக்கப் போகிறது என்பது அப்போது தெரியாது.

வயர்கார்டில் பயனர் பெயர், கடவுச்சொல், ஒருமுறை எண் எதுவும் இல்லை. சாவி இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. மடிக்கணினியையே யாராவது கொண்டுபோய்விட்டால் சாவியும் போய்விடும். இந்தக் குறையை நிரப்பும் டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் உண்டு. உள்ளே வயர்கார்டே ஓடும், மேலே நிறுவன மின்னஞ்சல் நுழைவும் ஒருமுறை எண்ணும் இருக்கும். ஆள் பட்டியலை வெளியார் சேவையில் வைப்பதற்கு முதலாளி ஒப்பவில்லை. பதினொரு பேர் என்பதால் நானும் வற்புறுத்தவில்லை. ஐம்பது பேர் ஆனால் மறுபடியும் அந்தப் பேச்சை எடுப்பேன். இப்போதைக்கு, சுரங்கத்தைக் கடந்து வந்தாலும் சர்வரின் கடவுச்சொல் தனியாக உண்டு, பத்து முறை தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும், மடிக்கணினி தொலைந்தால் எந்த நேரமானாலும் எனக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் அந்த இடத்தை நிரப்புகின்றன.

ஓரமாகக் கிடந்த சிறிய கணினி ஒன்றில் டெபியன் 12 என்ற லினக்ஸை நிறுவி, யு.பி.எஸ்.ஸில் இணைத்து, ரவுட்டரில் யு.டி.பி. 51820 என்ற ஒரே போர்ட்டை அதற்குத் திருப்பினேன். அலுவலக இணைப்புக்கு நிலையான ஐ.பி. முகவரி ஏற்கெனவே இருந்தது. பணியாளர்கள் பக்கம் அது தேவையில்லை. செல்பேசி நிறுவனங்கள் பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தாலும், அழைப்பது அவர்கள்தான் என்பதால் தடையில்லை. இருபத்தைந்து விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பி வழியைத் திறந்தே வைத்திருக்கும் அமைப்பை மட்டும் எல்லாருக்கும் போட்டேன்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. எங்கள் அலுவலக வலையமைப்பு 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளில் இருந்தது. வீடுகளில் இருக்கும் ரவுட்டர்களில் பெரும்பாலானவையும் அதே முகவரிகளைத்தான் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே வைத்திருக்கின்றன; சில 192.168.0 என்றும், ஜியோ ஃபைபரில் 192.168.29 என்றும் இருக்கும். பதினொரு பேரையும் கேட்டதில் நான்கு வீடுகள் 192.168.1. அந்த வீடுகளிலிருந்து 192.168.1.10-ஐத் தேடினால், கணினி அதைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும். பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட யாரும் தொலைபேசியை எடுப்பதில்லையே. முகவரி மாற்றும் வித்தைகளைச் சுரங்கத்தின் நடுவில் செய்து இதைச் சமாளிக்கலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு கோளாறு வரும்போது எந்த முகவரி உண்மையானது, எது வேடம் என்று நானே குழம்புவேன் என்று தோன்றியதால், அலுவலகத்தையே வேறு முகவரிக்குக் குடிபெயர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். 10.83.16 என்று தொடங்கும், எந்த வீட்டு ரவுட்டரும் இயல்பாக வைத்திராத ஒரு வரிசையைத் தேர்ந்தேன்.

ஆயுத பூசைக்கு அந்த ஆண்டு, 2024-இல், அக்டோபர் 11, 12, 13 என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை. பூசை முடிந்து பொரி கடலை வாங்கிக்கொண்டு எல்லாரும் கிளம்பிய பிறகு நான் மட்டும் உள்ளே இருந்தேன். லேத்துகளுக்கும் கடைசல் இயந்திரங்களுக்கும் வைத்த கையோடு சர்வர், வலையமைப்புக் கம்பிகளை இணைக்கும் ஸ்விட்ச், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். இரண்டாம் தளத்துப் பிரிண்டரில் ஐ.பி. முகவரி எழுதி ஒட்டியிருந்த சீட்டின் கடைசி எண் மேலேயே ஒரு பொட்டு விழுந்திருந்தது. துடைத்துப் பார்க்க மனம் வராமல் அதன் மெனுவுக்குள் போய்ப் படித்துக்கொண்டேன். தானாக முகவரி வாங்கும் கணினிகள் ஒரு மணி நேரத்தில் மாறிவிட்டன. கையால் முகவரி போட்டிருந்தவை இருபத்து மூன்று. அவற்றுக்கு ஒன்றரை நாள் ஆனது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு ஞாயிறு மாலை வீட்டுக்குப் போனேன்.

திங்கள் காலை எட்டேகாலுக்கு வாசலில் வரிசை நின்றது. வருகைப்பதிவு இயந்திரம் விரலை வாங்கிக்கொண்டது, ஆனால் பழைய முகவரியில் சர்வரைத் தேடித் தேடி, ஒவ்வொரு விரலுக்கும் அரை நிமிடம் எடுத்துக்கொண்டது. என் பட்டியலில் அது இல்லவே இல்லை, ஏனென்றால் அதன் கம்பி முதன்மை ஸ்விட்சுக்கு நேராக வராமல் காவலாளி அறையில் இருந்த ஒரு சிறு ஸ்விட்ச் வழியாகக் கேமராக் கம்பியோடு சேர்ந்து வந்திருந்தது. அதன் மெனுவுக்கான கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. நிறுவியவரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் சொன்ன எண்ணை அடித்து, முகவரியை மாற்றி முடித்தபோது மணி ஒன்பது.

இனி யார் எதைத் தொடலாம் என்பது. வயர்கார்டைப் பற்றிப் படிக்கும் பலரும் ஒரு இடத்தில் வழுக்குவார்கள். நானும் முதல் நாளில் வழுக்கினேன். பணியாளரின் கணினியில் உள்ள அமைப்பில், எந்தெந்த முகவரிகளைச் சுரங்கத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அங்கே கணக்கு சர்வரின் முகவரியை மட்டும் எழுதிவிட்டால் அவர் அதை மட்டும்தான் தொட முடியும் என்று தோன்றும். அது வெறும் வழிகாட்டிப் பலகை, பூட்டு அல்ல. அந்தக் கோப்பு அவருடைய கணினியில் இருக்கிறது, அவரோ அவர் கணினியில் புகுந்த வைரஸோ அதை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். தடுப்பு அலுவலகப் பக்கம்தான் இருக்க வேண்டும்.

எனவே ஒவ்வொருவருக்கும் 10.83.99 வரிசையில் நிலையான ஒரு முகவரி கொடுத்தேன். வயர்கார்டு ஒரு சாவியையும் ஒரு முகவரியையும் பிணைத்து வைப்பதால், ஒருவர் இன்னொருவரின் முகவரியைப் போட்டுக்கொண்டு வர முடியாது. பிறகு லினக்ஸில் பாக்கெட்டுகளை வடிகட்டும் என்.எஃப்.டேபிள்ஸ் ஃபயர்வாலில், சுரங்கத்திலிருந்து அலுவலகத்துக்குள் போகும் எல்லாவற்றையும் தடு என்று தொடங்கி, அதன் மேல் தேவையானவற்றை மட்டும் திறந்தேன். கணக்குப் பிரிவினருக்குப் புதிய சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப் மட்டும். வரைபடப் பிரிவினர் மூவருக்கும் அவரவர் மேசைக் கணினி மட்டும். கொள்முதல் பிரிவினருக்கு உள்வலைத்தளத்தின் 443 போர்ட் மட்டும். முதலாளிக்குக் கேமராப் பதிவுப்பெட்டியும் சேர்த்து. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

எழுதி முடித்ததும் என் வீட்டிலிருந்து ஒரு கணக்காளரின் சாவியோடு இணைந்து, அலுவலக முகவரிகள் அனைத்தையும், திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப் என்ற நிரலைக் கொண்டு துழாவினேன். எதிர்பார்த்தபடி ஒரே ஒரு முகவரியில் ஒரே ஒரு போர்ட் திறந்திருந்தது. திருப்தியோடு மூடப் போனவன், ஏதோ ஒரு சந்தேகத்தில் சுரங்கக் கணினியின் சொந்த முகவரியையும் துழாவினேன். கணினியைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கப் பயன்படும் எஸ்.எஸ்.எச். போர்ட்டான 22 அகலத் திறந்திருந்தது. கடந்து போவோருக்கெல்லாம் தடுப்புப் போட்டவன், காவல்காரனின் சொந்த அறைக்குக் கதவு வைக்க மறந்திருந்தேன். கடந்து செல்லும் பாக்கெட்டுகளுக்கும், அந்தக் கணினிக்கே வரும் பாக்கெட்டுகளுக்கும் ஃபயர்வாலில் தனித்தனி விதித்தொகுதிகள் உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்திருப்பதும் சோதித்துப் பார்ப்பதும் வேறு வேறு.

முகவரியை மறைக்காமல் அனுப்பியதில் ஒரு சின்னத் தொல்லையும் வந்தது. யார் வந்தார்கள் என்பது சர்வரின் பதிவேட்டிலும் தெரிய வேண்டும் என்பதற்காக, சுரங்கக் கணினி தன் முகவரியை முன்னிறுத்தாமல் அவரவர் முகவரியையே அனுப்பும்படி வைத்தேன். சர்வரோ பதிலை ரவுட்டரிடம் கொடுத்தது. தான் பார்க்காத உரையாடலுக்குப் பதில் வருகிறதே என்று ரவுட்டர் அதைக் கொட்டிவிட்டது. 10.83.99-க்கான வழியைச் சர்வரிலும், வெளியிலிருந்து தொடப்படும் கணினிகளிலும் நேரடியாக எழுதியதும் சரியானது.

சாவிகளில் ஒரு தவறு செய்தேன். அவசரத்தில் முதல் பணியாளருக்கான சாவிச் சோடியைச் சுரங்கக் கணினியிலேயே உருவாக்கி, அமைப்புக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது: சோடியில் ரகசியமாக இருக்க வேண்டிய தனிச்சாவி இப்போது என் செல்பேசியிலும் அவர் செல்பேசியிலும், இருவரின் காப்புப் பிரதிகளிலும் இருக்கிறது. அந்தச் சாவியை நீக்கிவிட்டு, எல்லாரும் கணினியை ஒருமுறை அலுவலகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று முறையை மாற்றினேன். அவர்கள் கணினியிலேயே சாவி உருவாகும். தனிச்சாவி அதைவிட்டு வெளியே போகாது. சமக்குறியில் முடியும் 44 எழுத்துப் பொதுச்சாவியை, அதாவது வெளியே தெரிந்தாலும் தவறில்லாத பாதியை, மட்டும் நான் படியெடுத்துக்கொள்வேன். விண்டோஸில் சாதாரணப் பயனர் கணக்கில் வயர்கார்டின் சாளரமே திறக்காது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எல்லாருக்கும் அட்மின் உரிமை கொடுப்பதற்குப் பதிலாக, விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு சிறு மாற்றம் செய்து, வலையமைப்பு அமைப்பாளர் குழுவில் அவர்களைச் சேர்த்தால் இணைக்கவும் துண்டிக்கவும் மட்டும் முடியும். சாவியைப் பார்க்க முடியாது. அதுவே போதும்.

பணியாளர்களில் சிலர், பழையபடி கோப்புப் பகிர்வு வழியாகக் கணக்கு மென்பொருளை வீட்டிலிருந்தே திறக்கக் கூடாதா என்று கேட்டார்கள். கோப்புப் பகிர்வு என்பது ஒவ்வொரு துணுக்குக்கும் ஒருமுறை போய் வரும் பேச்சு. அலுவலகத்துக்குள் போய்வர அரை மில்லி விநாடிகூட ஆகாது. வீட்டிலிருந்து 40 மில்லி விநாடி. ஒரு அறிக்கையைத் திறக்க இரண்டாயிரம் முறை போய்வர வேண்டுமென்றால் எண்பது விநாடி. திரையை மட்டும் அனுப்பும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்கான உரிமங்களையும் இந்த முறை வாங்கினோம். விண்டோஸ் சர்வர் நிர்வாகத்துக்கென இலவசமாக அனுமதிப்பது இரண்டு இணைப்புகளைத்தான், அதற்கு மேல் பழைய சர்வரில் ஏதோ ஒட்டுவேலையால் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து வந்தது கொள்முதல் பிரிவுப் பெண்மணி ஒருவரின் புகார். வீட்டு ஃபைபர் இணைப்பில் எல்லாம் ஓடுகிறது. பயணத்தில் செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் சுரங்கம் வருகிறது, பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) போகிறது, நுழைவுப் பக்கம்கூட வருகிறது, பட்டியல் வரவேண்டிய இடத்தில் வெள்ளையாக நின்றுவிடுகிறது. சிறியவை கடக்கின்றன, பெரியவை விழுகின்றன என்றால் பாக்கெட்டின் அளவில்தான் கோளாறு. அவருடைய மடிக்கணினியில், உடைக்காமல் அனுப்பு என்ற நிபந்தனையோடு, அளவைக் கூட்டிக் கூட்டிப் பிங் செய்யச் சொன்னேன். 1372 கடந்தது, 1373 விழுந்தது. தலைப்புக்கான 28-ஐச் சேர்த்தால் வழியின் கொள்ளளவு 1400 பைட். வயர்கார்டு தன் உறைக்கு, ஐ.பி. முகவரி முறையின் பழைய பதிப்பான ஐ.பி.வி4-இல் 60 பைட் எடுத்துக்கொள்ளும். எனவே உள்ளே 1340-க்கு மேல் வைக்கக் கூடாது. அதுவோ இயல்பாக 1420 வைக்கிறது. கம்பி இணைப்பில் அது சரி, இங்கே நிரம்பி வழிகிறது. ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால், புதிய பதிப்பான ஐ.பி.வி6 எந்த வழியிலும் குறைந்தபட்சமாக உறுதியளிக்கும் 1280 என்ற அளவையே எல்லாருக்கும் வைத்துவிட்டேன். வேகத்தில் இழப்பு இருக்கலாம். இதுவரை யாரும் சொல்லவில்லை.

இனி அந்த இரண்டு நாள்.

கணக்காளர் வீட்டில் மடிக்கணினி கிடையாது. மேசைக் கணினியின் பெட்டியை மட்டும் ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு 14-ஆம் தேதி அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். இயக்கியதும் பிரௌசர் எந்தத் தளத்தையும் திறக்க மறுத்தது. தேதி தவறாக இருந்தது. பேச்சுவாக்கில் தேதியைக் கையால் திருத்திவிட்டு, வயர்கார்டை நிறுவி, சாவியை உருவாக்கி, செல்பேசி இணைய வழியாகச் சோதித்துக் காட்டினேன். எல்லாம் சரி. மறுநாள் காலை வீட்டிலிருந்து அழைத்தார்: இணையவில்லை.

அவருடைய வயர்கார்டு சாளரத்தில், கைகுலுக்கல் (இரு கணினிகளும் ஒன்றையொன்று அடையாளம் காணும் தொடக்கப் பேச்சு) ஐந்து விநாடியில் முடியவில்லை, மறுபடி முயல்கிறேன் என்ற வரி திரும்பத் திரும்ப ஓடியது. சுரங்கக் கணினியில், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டி.சி.பி.டம்ப் வைத்துப் பார்த்தேன். ஐந்து விநாடிக்கு ஒருமுறை 148 பைட் பாக்கெட் ஒன்று வந்து சேர்கிறது. அது கைகுலுக்கலுக்காக நீட்டப்படும் கை. பதிலுக்கு 92 பைட் பாக்கெட் ஒன்று போக வேண்டும், போகவில்லை. எதைப் பெருமையாகச் சொல்லித் தேர்ந்தெடுத்தேனோ அந்த மௌனம் இப்போது என்னைப் பார்த்தே வாய்மூடி இருந்தது. சாவி தவறென்று நினைத்துப் பொதுச்சாவியை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன், சரியாகவே இருந்தது.

மாலையில் வேறொரு வேலைக்காகச் சுரங்கத்தை நிறுத்தி மறுபடி இயக்கினேன். உடனே அவர் இணைந்தார். இரவு வரை வேலை செய்தார். சரியாகிவிட்டது என்று நானும் நம்பினேன். 16-ஆம் தேதி காலை மறுபடியும் இல்லை. இன்னும் விசித்திரம், நான் எதையும் தொடாமலேயே நண்பகலுக்குப் பிறகு தானாக இணைந்தது. கெர்னலின் கூடுதல் பதிவுகளை இயக்கிப் பார்த்தால், செல்லாத கைகுலுக்கல் என்று ஒரு வரி மட்டும் விழுந்தது. ஏன் செல்லாது என்பதற்கு அதில் விடையில்லை.

17-ஆம் தேதி காலை, திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். செல்பேசியால் மானிட்டரை முழுதாகப் படமெடுத்து அனுப்பினார். பிழை வரியைப் பெரிதாக்கிப் படித்துவிட்டுப் படத்தை நகர்த்தும்போது வலது கீழ் மூலை கண்ணில் பட்டது: 01-01-2016. அழைத்துக் கேட்டேன். "ஆமாங்க தம்பி, ராத்திரி சுவிட்ச் போர்டுலயே ஆஃப் பண்ணிருவேன். காலையில எந்திரிச்சா அது எட்டு வருசம் பின்னாடி போயிருக்கும். அதுக்கும் இதுக்கும் என்னங்க?" என்றார்.

அதற்கும் இதற்கும்தான் எல்லாமே. யாராவது பழைய கைகுலுக்கலைப் பதிவுசெய்து வைத்து மறுபடி அனுப்பி ஏமாற்றாதிருக்க, வயர்கார்டு ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேர முத்திரை ஒன்றை வைக்கிறது. அந்தச் சாவியிலிருந்து கடைசியாகப் பார்த்ததைவிட முந்தைய நேரம் வந்தால் பேசாமல் எறிந்துவிடுகிறது. மதர்போர்டின் பேட்டரி செத்துப்போனதால் அவர் கணினி ஒவ்வொரு காலையும் 2016 புத்தாண்டின் நள்ளிரவில் கண் விழித்தது. நான் தேதியைத் திருத்தி 2024-இல் ஒரு கைகுலுக்கலைச் செய்ய வைத்ததால், மறுநாள் வந்த 2016 செல்லாக்காசானது. சுரங்கத்தை நிறுத்தி இயக்கியபோது அது பழைய நேரத்தை மறந்தது, 2016-ஐ ஏற்றுக்கொண்டது. 16-ஆம் தேதி காலை அவர் நேரம் மறுபடி நள்ளிரவுக்குப் போனது. முந்தைய இரவு கடைசியாகக் கைகுலுக்கிய நேரத்தைத் தாண்டும் வரை கதவு திறக்கவில்லை, தாண்டியதும் திறந்தது. நண்பகல் மர்மம் அவ்வளவுதான். நேரத்தை இணையத்திலிருந்து தானாக வாங்கும் வசதி அந்தக் கணினியில் அணைந்திருந்தது. அதை இயக்கி, சி.ஆர். 2032 நாணய பேட்டரி ஒன்றை வாங்கி மாட்டி வந்தேன். ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. முதல் நாள் தேதியைத் திருத்திய அந்தக் கணத்தில் ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

முதலாளி ஒன்று கேட்டிருந்தார்: வி.பி.என். வைத்தால் அரசாங்கத்துக்குப் பதிவு கொடுக்க வேண்டுமாமே? 2022 ஏப்ரல் 28 அன்று, இணையப் பாதுகாப்புக்கான இந்திய அரசு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணையில் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்கச் சொல்வது பொதுமக்களுக்கு வி.பி.என். சேவை விற்பவர்களை, நிறுவனங்கள் தம் பணியாளர்களுக்கு வைப்பது அதில் சேராது என்று அவர்களே பிறகு விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பதிவேடுகளை 180 நாள் வைத்திருப்பதும், பாதுகாப்புச் சம்பவம் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிப்பதும் நமக்கும் உண்டு. வயர்கார்டு தானாக எதையும் பதிவதில்லை என்பதால், நிமிடத்துக்கு ஒருமுறை யார் எந்த முகவரியிலிருந்து எப்போது கடைசியாகக் கைகுலுக்கினார் என்பதை எழுதி வைக்கும் ஒரு சிறு நிரலைப் போட்டேன். சர்வரின் பாதுகாப்புப் பதிவேட்டையும் 20 மெகாபைட்டிலிருந்து ஒரு கிகாபைட்டுக்கு உயர்த்தினேன்.

புதிய சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்பில், வீட்டுக் கணினியின் டிரைவுகள் உள்ளே தெரியாதபடி நிறுத்திவிட்டேன். வீட்டுப் பென்டிரைவில் இருப்பது சர்வருக்குள் வரக் கூடாது என்பதற்காக. அதே வேகத்தில் வீட்டுப் பிரிண்டரையும் நிறுத்தியிருந்தேன். 19-ஆம் தேதி இரவு பத்தரைக்குக் காவலாளி அண்ணன் அழைத்தார்: "தம்பி, கணக்கு ரூமு பூட்டித்தான் இருக்குது, உள்ள ஆளில்ல, ஆனா மிசின் ஓடுற சத்தம் கேக்குதுங்க. வந்து பாக்கறீங்களா?" பதிவைத் திறந்து பார்த்தேன், அந்த நேரத்தில் உள்ளே இருந்தது ஒரே ஒரு முகவரி. கணக்காளரை அழைத்தேன். 3பி தாக்கல் முடிந்துவிட்டதாம், நகலை அச்சடிக்கக் கொடுத்து நான்கு முறை அழுத்தியும் வீட்டுப் பிரிண்டரில் எதுவும் வரவில்லையாம். காவலாளியிடம் காகிதத்தை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அவர் ஒருவருக்கு மட்டும் வீட்டுப் பிரிண்டரைத் திறந்துவிட்டேன்.